விண்மீன் உண்டெனத் தேர்ந்து தெளிதல்

விண்மீனைக் காண்பதற்குக் கண் ஒன்றே போதும் என்பது பொதுவான எண்ணம். வெள்ளியையும் வியாழனையும் குறித்து அவ்வெண்ணம் பொருந்தும். ஆயின் தொலைநோக்கி வாயிலாக எடுத்த வானப் படம் ஒன்றின் மூலையில், சுற்றியுள்ள இருளினும் ஒரு சிறிதே வெளுத்துத் தோன்றும் புள்ளியைச் சுட்டி, 'இவ்விடத்தில் ஒரு மீன் உண்டு' என்று துணிந்துரைப்பது எளிதன்று. அவ்வாறு உரைப்பதற்கு வானநூலார் கைக்கொள்ளும் முறை யாது, அம்முறை எத்துணை நம்பத்தக்கது என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் என்ன வேலை என்று கணித வகுப்பு நண்பர் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். ஒன்றை உண்டென்றும் இல்லையென்றும் எப்பொழுது சொல்லலாம் என்னும் வினா எம் நூல்களுக்குப் புதிதன்று.

மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறங் கேட்ட காதையில், அளவைவாதி பிரமாணங்களை எண்ணிக் கூறியதோடு அமையாது, அறிவு வழுவும் இடங்கள் எட்டனையும் கூறுகின்றான். அவற்றுள் மூன்று ஈண்டு எமக்கு வேண்டும். ஐயம் என்பது, எதிரே நிற்பது நட்ட தறியோ மனிதனோ எனத் துணியமாட்டாது மயங்குதல். தேராது தெளிதல் என்பது, ஆராயாமலே தறியை மனிதனென்று முடிவு கட்டிவிடுதல். கண்டுணராமை என்பது, கொடிய புலி அணித்தே வந்ததைக் கண்டும் அறியாதிருத்தல். இக்காலப் புள்ளியியலார், இல்லாததை உண்டென்னும் பிழையை முதல் வகை என்றும், உள்ளதை இல்லையென்னும் பிழையை இரண்டாம் வகை என்றும் எண்ணிட்டு வழங்குகின்றனர். எண்ணிட்ட பெயர் நினைவில் நில்லாது. எது முதல், எது இரண்டு என்று அத்துறை மாணாக்கரே தடுமாறக் கண்டிருக்கின்றோம். தேராது தெளிதல், கண்டுணராமை என்னும் பெயர்களோ தம் பொருளைத் தாமே காட்டி நிற்கின்றன. ஆதலின் இக்கட்டுரை முழுதும் அவற்றையே ஆளுவோம்.

வானநூல் வரலாற்றில் இவ்விரண்டிற்கும் பெயர்பெற்ற உதாரணங்கள் உள. பிரெஞ்சு அறிஞர் லெவெரியே, யுரேனஸ் கோளின் நடையிற் கண்ட பிறழ்ச்சியினின்று, அதற்கப்பால் வேறொரு கோள் இருத்தல் வேண்டும் எனக் கணித்துரைத்தார். 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பெர்லின் நகரில் காலே என்பார் அதனைக் கண்டார். அதுவே நெப்டியூன். ஆயின் அதற்கு முந்திய மாதத்திலேயே கேம்பிரிட்ஜில் சாலிஸ் என்னும் பேராசிரியர் அக்கோளை இருமுறை நோக்கிக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். ஒரு நாட் குறிப்பை மற்றொரு நாட் குறிப்போடு உடனே ஒப்பிட்டுப் பாராமையால் புலி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இனி மற்றது. 1859-இல் லெஸ்கார்போ என்னும் நாட்டுப்புற வைத்தியர், சூரிய வட்டத்தின்மேல் ஒரு கரும்புள்ளி கடந்து சென்றதைக் கண்டதாக எழுதினார். அதனை நம்பி, புதனுக்கும் உட்புறத்தே ஒரு கோள் உண்டென்று அதே லெவெரியே அடுத்த ஆண்டில் அறிவித்தார். வல்கன் என்று பெயரும் சூட்டியாயிற்று. அப்படி ஒரு கோள் இல்லை. புதன் நடையின் பிறழ்ச்சிக்கு வேறு காரணத்தை 1915-இல் ஐன்ஸ்டைன் காட்டினார். அறிவிற் சிறந்தார் என்பதனால் மட்டும் ஒருவர் தேராது தெளிதலினின்று தப்பிவிட இயலாது. தேர்வதற்கு ஒரு முறை வேண்டும்.

இனி எம் ஊர்ப்பக்கம் வருவோம். திருவண்ணாமலை என்றவுடன் எவர்க்கும் நினைவில் எழுவது கார்த்திகைத் தீபம். ஏறக்குறைய 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், கொப்பரையில் நெய்யும் திரியும் இட்டு ஏற்றும் அச்சுடர், அடிவாரத்தில் நிற்பார்க்குச் சுடராகவும், பல மைல் அப்பால் உள்ள சிற்றூரார்க்கு ஒரு புள்ளியாகவும் தோன்றும். அவ்விழாவிற்குப் பெயர் தந்தது கார்த்திகை என்னும் மீன்கூட்டம். நம்மவர் அதனை ஆறு மீனாக எண்ணினர். மேல்நாட்டார் ஏழு சகோதரியர் என்றனர். தொலைநோக்கியால் நோக்கினாலோ நூற்றுக்கணக்கிற் பெருகுகின்றன. ஆறோ, ஏழோ, நூறோ? மூன்றும் மெய்யே. கண்ணின் கூர்மைக்கும், கருவியின் அகலத்திற்கும், அவ்விரவின் இருளுக்கும் ஏற்ப எண் மாறுகின்றது. தை மாதத்து இரவொன்றில் விடுதி மாடியில் நண்பர் சிலரோடு கூடி யாமும் எண்ணிப் பார்த்தோம். பெரும்பாலோர் ஆறென்றனர். ஒருவர் ஐந்துக்குமேல் ஒப்பவில்லை. ஏழென்று ஏதோ ஒரு புத்தகத்திற் படித்திருந்த நண்பர் ஏழென்றே சாதித்தார். ஏழாவது எங்கே என்று சுட்டச் சொன்னபொழுது, அவர் விரல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தைக் காட்டிற்று. நெஞ்சில் முன்னரே குடிபுகுந்தது கண்ணிலும் தோன்றும் போலும்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. தீபத் திருநாள் முழுமதியை ஒட்டி வருவது. மதியும் அன்று கார்த்திகைக்கு அணித்தாகவே நிற்கும். ஆதலின் விழாவிற்குப் பெயர் தந்த அம்மீன்களைக் காண்பதற்கு ஆண்டு முழுவதிலும் மிகத் தகாத இரவுகளுள் ஒன்று அவ்விரவு. மீன்கள் அன்று மங்கிவிடவில்லை. அவற்றின் பின்னே உள்ள வானம் வெளுத்துவிட்டது. இவ்வேற்றுமை பின்னர் நமக்குப் பெரிதும் பயன்படும்.

விண்மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியில் நிகழ்தகவுக் கணக்கு முதன்முதல் நுழைந்த இடங்களுள் ஒன்றும் இக்கார்த்திகைக் கூட்டமே என்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தந்த செய்தி. 1767-இல் ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவர், அக்கூட்டத்து ஒளிமிக்க ஆறு மீன்களையும் எடுத்துக்கொண்டார். அத்துணை ஒளியுள்ள மீன்கள் வானம் முழுதும் சுமார் 1,500 உள. அவற்றை விதை தூவுவதுபோல் வானத்தில் மனம்போனவாறு தூவினால், ஆறு மீன்கள் இத்துணை நெருங்கி ஓரிடத்தில் விழுதல் எத்துணை அரிது? ஏறக்குறைய ஐந்து இலட்சத்திற்கு ஒன்று என்று அவர் கணித்தார். ஆகவே அவை தற்செயலாக நெருங்கித் தோன்றுவன அல்ல. உண்மையிலேயே ஒரு குடும்பம் என்றார். முடிவு சரியே. ஆயினும் 1850-இல் ஸ்காட்லாந்து நாட்டு போர்பஸ் என்பார் அவர் வாதத்தின்மேற் கடாவினார். தூவிய விதையிலும் எங்கேனும் ஓரிடத்தில் நெருக்கம் தோன்றுதல் இயல்பு. தோன்றிய பிறகு அவ்விடத்தைப் பொறுக்கி எடுத்து, 'இஃது எத்துணை அரிது!' என்று வியத்தல் தகுமோ என்பது அக்கடாவின் சாரம். கார்த்திகையைப் பொறுத்தவரை மிச்செல் வென்றார். ஆயினும் போர்பஸ் எழுப்பிய தடை இன்றும் வானப் படம் ஒவ்வொன்றின் முன்னும் வந்து நிற்கின்றது. அஃது எங்ஙனம் என்பதைக் காட்டுவோம்.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வானாய்வகம் ஒன்றை அமைக்க இடம் தேர்ந்தவர் வைனு பாப்பு. 1972-இல் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி அங்கே நிறுவப்பெற்றது. அவர் 1982-இல் காலமானார். அவர் பெருமுயற்சியின் பயனாகிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திறக்கப்பெற்று, ஆய்வகத்தோடு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெங்களூரில் உள்ள இந்திய வான்பௌதிக நிறுவனம் அதனை நடத்துகின்றது. முற்காலத்தில் இத்தகைய தொலைநோக்கிகளின் குவியத்தில் ஒளிப்படத் தகடு வைக்கப்பெறும். பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது சி.சி.டி. என்னும் சிலிக்கான் சில்லு. 1969-இல் அமெரிக்காவில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் இதனைக் கண்டுபிடித்தனர். சில்லின் முகம் சதுரங்கப் பலகைபோல் மிகச் சிறிய கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். கட்டம் ஒன்றிற்குப் பிக்சல் என்று பெயர். தன்மேல் விழும் ஒளித்துகள்களை ஒவ்வொரு கட்டமும் திரட்டி வைக்கும். இறுதியில் எண்ணிக் கணக்குக் கொடுக்கும். ஆக, வானநூலார் கைக்கு வந்து சேர்வது படம் என்பதினும் ஓர் எண்பட்டியல் என்பதே பொருந்தும்.

அவ்வெண்களின் இயல்பு என்னை? கல் பாவிய முற்றம் ஒன்றில் மழை தூறத் தொடங்குங்கால் உற்று நோக்குக. ஒரே அளவினவாகிய கற்களின்மேலும் துளிகள் ஒரே எண்ணிக்கையில் விழுவதில்லை. ஒரு கல்லில் ஒன்பது, அடுத்ததில் பதினான்கு, அதற்கடுத்ததில் பதினொன்று என்று ஏறியும் இறங்கியும் விழும். அக்கல்லின்மேல் மேகத்திற்குத் தனியன்பு இருந்தது என்று எவரும் சொல்லார். ஒளித்துகள்களும் அவ்வாறே. விண்மீன் எதுவும் இல்லாத வெற்று வானத்தை நோக்கினும், வானத்திற்கே இயல்பாக உள்ள மெல்லொளி ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்துகொண்டேயிருக்கும். சராசரி 400 துகள் விழும் கட்டங்களுள் ஒன்றில் 385 இருக்கும், மற்றொன்றில் 412 இருக்கும். இவ்வேற்றத்தாழ்வின் அளவிற்கு ஒரு நியதி உண்டு. சராசரியின் வர்க்கமூலமே அது. 400-இன் வர்க்கமூலம் 20. புள்ளியியலார் இதனைத் திட்ட விலக்கம் என்பர். யாம் சுருக்கம் கருதி அலைவு என்போம்.

இனி ஒரு கட்டத்தில் 430 துகள் உள்ளன என்று கொள்வோம். சராசரியினும் 30 மிகுதி. அஃதாவது ஒன்றரை அலைவு. அங்கே மீன் உண்டோ? ஒன்றும் சொல்லுவதற்கில்லை, தூறலில் ஒரு கல் சற்று மிகுதியாக நனைந்தது, அவ்வளவே. 460 இருந்தால்? மூன்று அலைவு. வெற்று வானமே இத்துணை உயர்தல் ஏறக்குறைய 740 முறைக்கு ஒருமுறை நிகழும். எழுநூற்று நாற்பதுக்கு ஒன்று என்பது அரிதுதானே, மீனென்று கொள்ளலாமே என்று தோன்றும். போர்பஸின் தடை இவ்விடத்தில்தான் குறுக்கிடுகின்றது. நாம் நோக்கியது ஒரு கட்டத்தையன்று. பக்கத்திற்கு 1,024 கட்டம் கொண்ட சில்லில் மொத்தம் 10,48,576 கட்டங்கள் உள. அவற்றுள் 740-க்கு ஒன்று எனின், மீன் ஒன்றேனும் இல்லாத வெற்று வானத்திலும் சுமார் 1,400 கட்டங்கள் மூன்று அலைவைக் கடந்து நின்று, 'யாமும் மீனே' என்று கூவும். அவற்றை நம்பி ஒரு மீன்பட்டியல் வெளியிடுவோர், ஒரே இரவில் 1,400 வல்கன்களைப் படைத்தவராவர்!

எல்லையை உயர்த்துவோம். நான்கு அலைவிற்கு மேற்பட்டனவற்றையே ஏற்போம் எனின், பொய்மீன்கள் முப்பத்துச் சில்லறையாகக் குறையும். ஐந்து அலைவு எனின், வெற்று வானம் அவ்வளவு உயர்தல் ஏறக்குறைய 35 இலட்சத்திற்கு ஒருமுறையே. ஆகவே முழுப் படத்திலும் ஒரு பொய்மீன் கூடத் தோன்றாதிருத்தலே பெரும்பான்மை. ஐந்து அலைவு என்னும் எல்லையை வானநூலார் பலர் விரும்புவதன் காரணம் இப்பொழுது விளங்கும். அஃது ஐந்து என்னும் எண்ணுக்குள்ள தனிச்சிறப்பன்று. எத்தனை கட்டங்களில் நோக்குகின்றோமோ அதற்கேற்ற காவல். பத்துக் கட்டம் மட்டும் நோக்குவார்க்கு மூன்றே போதும். ஆயின் இக்காவலுக்கு விலையும் உண்டு. எல்லை உயர உயர, மெய்யாகவே மங்கலாக உள்ள மீன்களும் வெளியே நிறுத்தப்படுகின்றன. தேராது தெளிதலுக்கு அஞ்சிக் கதவை இறுக அடைத்தால், கண்டுணராமை சாளரத்தின் வழியே புகுந்துவிடுகின்றது. இரண்டையும் ஒருங்கே முற்ற ஒழிக்கும் எல்லை எதுவும் இல்லை. எப்பிழையை எத்துணை பொறுப்பது என்று முடிவு செய்தல் ஆராய்வார் கடன். அதனைக் கணக்கு செய்யாது.

ஆயினும் கணக்கினிடம் வேறோர் உதவி பெறலாம். விண்மீன் எத்துணைப் பெரிதாயினும் அதன் சேய்மை நோக்க ஒரு புள்ளியே. ஆயின் அப்புள்ளி சில்லின்மேல் ஒரே கட்டத்தில் விழுவதில்லை. காற்றுமண்டலத்தின் நடுக்கத்தாலும் கண்ணாடியின் இயல்பாலும் பரந்து, நடுவிற் செறிந்தும் ஓரத்தில் நெகிழ்ந்தும், ஒரு சிறு குவியல்போல் பல கட்டங்களில் விழுகின்றது. ஒரு படத்தில் உள்ள எல்லா மீன்களும், பெரியனவும் சிறியனவும், ஏறக்குறைய ஒரே வடிவில்தான் பரக்கும். உயரம் மட்டுமே வேறுபடும். நெல்லை எங்கே கொட்டினாலும் குவியலின் சரிவு ஒன்றாகவே இருத்தல்போல எனலாம். இவ்வடிவம் மீனுக்குரிய முத்திரை. விண்வெளியினின்று வரும் காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று சில்லைத் தாக்கினால், ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் பேரெண்ணோடு பளிச்சிடும். பத்து அலைவு, நூறு அலைவு எனவும் நிற்கும். எல்லையை மட்டும் நம்பினோர் அதனைப் பெருமீன் என்பர். வடிவத்தை நோக்குவோர், முத்திரை இல்லை என்று தள்ளுவர்.

முத்திரையால் விளையும் பெரும்பயன் வேறு. முன்போலவே சராசரி 400, அலைவு 20 என்று கொள்வோம். ஒரு மங்கல் மீன் ஒன்பது கட்டங்களில் பரந்து, கட்டம் ஒன்றிற்கு 20 துகள் வீதம் கூட்டுகின்றது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் ஓர் அலைவுதான். ஒருவரும் திரும்பிப் பாரார். ஒன்பதையும் கூட்டுவோம். வெற்று வானத்தின் பங்கு 3,600. அதன் வர்க்கமூலம் 60. மீன் தந்த மிகுதி 180. அஃதாவது மூன்று அலைவு! தனியே நின்று முணுமுணுத்தவை ஒருங்கு கூடியபொழுது குரலாயின. உண்மையில் ஒன்பதையும் சமமாகக் கூட்டாமல், நடுக்கட்டத்திற்கு மிகுதியாகவும் ஓரத்திற்குக் குறைவாகவும், முத்திரையின் வடிவிற்கேற்ப எடையிட்டுக் கூட்டுவர். அதனாற் பயன் இன்னும் மிகும். படத்தின் ஒவ்வோரிடத்திலும் அச்சினை வைத்து வைத்துப் பொருந்துகின்றதா என்று பார்க்கும் இவ்வேலையைக் கணிப்பொறி நொடியிற் செய்துவிடும். மூன்றை ஐந்தாக்க வேண்டின், இன்னும் நெடுநேரம் ஒளியைத் திரட்டுதல் வேண்டும். துகள் நேரத்திற்கேற்பப் பெருகும், அலைவோ அதன் வர்க்கமூலத்திற்கேற்பவே பெருகும். ஆதலின் ஏறக்குறைய 2.8 மடங்கு நேரம் வேண்டியிருக்கும். பொறுமைக்கும் இங்கே கணக்குண்டு.

மேலே தீப நாளைப் பற்றிக் கூறியதை இப்பொழுது எண்ணாற் காண்போம். சராசரி 400 உள்ள இருண்ட வானத்தில், 100 துகள் மிகுதியாகத் தரும் மீன் ஒன்று ஐந்து அலைவோடு ஐயமின்றி நிற்கின்றது. வானத்தின் வெளுப்பு இருமடங்காகிறது என்று கொள்வோம். சராசரி 800, அலைவு 28. மீன் தருவது அதே 100. ஐந்து அலைவாக நின்ற மீன் மூன்றரையாகத் தாழ்ந்து, பொய்மீன்களின் கூட்டத்திற் கலந்துவிட்டது. அம்மீனுக்கு யாதொரு குறையும் நேரவில்லை. மதியாயின் பதினைந்து நாளில் தேய்ந்து வழிவிடும். ஊர்களின் விளக்கொளி தேய்வதில்லை. மலைகளுக்கிடையே காவலூரைத் தேர்ந்ததற்கு அதன் இருளும் ஒரு காரணம். சமவெளியில் உள்ள ஊர்கள் பெருகுந்தோறும், சாலைதோறும் கடைதோறும் வானை நோக்கி ஒளியைச் சிந்தும் விளக்குகள் நிற்குந்தோறும், அடிவானம் வெளுத்துக்கொண்டே வருகின்றது. விளக்கே வேண்டாம் என்று யாம் கூறவில்லை. விளக்கிற்கு மேலே ஒரு மூடி இட்டு ஒளியைத் தரையை நோக்கித் திருப்பினால், நடப்பார்க்கும் நன்று. எண்ணெயாயினும் மின்சாரமாயினும் மிச்சம். திருவண்ணாமலை நகரில் எம் போன்றோர் இதனை ஒரு கோரிக்கையாக எழுதி, மாநகராட்சியார்க்கு அனுப்புதல் தகும் என்பது எம் கருத்து.

இதுகாறும் நிலைத்து நிற்கும் மீன்களைப் பற்றிக் கூறினோம். நடக்கும் புள்ளிகளும் உள. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரும்பான்மையாகச் சுற்றும் சிறுகோள்கள் அவை. இத்துறையில் நம் நாட்டிற்கு ஒரு பழம்புகழ் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தில், போக்சன் என்னும் ஆங்கிலேயர் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டு, அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரிப்பதற்கு இன்றும் உலகெங்கும் வழங்கும் அளவுமுறையை வகுத்தவரும் இவரே. ஐந்து தரம் வேறுபட்டால் ஒளி நூறு மடங்கு வேறுபடும் என்பது அம்முறை. அவ்வாய்வகத்திலேயே பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் என்னும் நம்மவர், ஒரு மீனின் ஒளி ஏறியிறங்குவதை 1867-இல் கண்டறிந்தார். ரெட்டிகுலம் என்னும் மண்டலத்து 'ஆர்' என்பது அம்மீன். போக்சன் சென்னையிலிருந்து கண்ட சிறுகோள்களில் கடைசியானது 1885-இல் கண்ட வேரா. அதன்பின் நூறாண்டுக்குமேல் இந்தியாவிலிருந்து புதிய சிறுகோள் காணப்படவில்லை. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், காவலூரில் ராஜமோகன் ஷ்மிட் வகைத் தொலைநோக்கி கொண்டு ஒன்றைக் கண்டார். 4130 என்னும் எண் பெற்ற அதற்கு, ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனின் பெயர் இடப்பெற்றுள்ளது.

நடக்கும் புள்ளியை எவ்வாறு தேர்வது? ஒரே வானப் பகுதியை இடைவெளிவிட்டுப் பன்முறை படம் எடுத்து ஒப்பிடுவர். சாலிஸ் உடனே செய்யாதுவிட்டதும் இவ்வொப்பீடே. இதிலும் கணக்கின் கண்ணி ஒன்று உண்டு. மூன்று அலைவு எல்லையில் ஒவ்வொரு படத்திலும் 1,400 பொய்ப்புள்ளிகள் உள எனக் கண்டோம். நிலைத்த மீன் ஒன்றைத் தேடுவோமாயின், இரண்டு படத்திலும் அதே கட்டத்தில் தோன்றவேண்டும் என்று விதிக்கலாம். அவ்விதியைத் தப்பும் பொய்ப்புள்ளிகள் இரண்டே. ஆனால் சிறுகோள் நகர்ந்திருக்கும். எவ்வளவு, எத்திசையில் என்பது தெரியாது. சுற்றியுள்ள ஆயிரம் கட்டங்களில் எங்கேனும் இருக்கலாம் என்று இடங்கொடுத்தால், 1,400 பொய்ப்புள்ளிகளும் அவ்வாயிரத்துள் தமக்குத் துணை தேடிக்கொள்ளும். ஏறக்குறைய 1,900 பொய் இணைகள் பிறக்கும். இரண்டு படத்தில் கண்டோம் என்பது இங்கே சான்றாகாது. மூன்றாவது படம் வேண்டும். இரண்டு இடம் தெரிந்தபின் மூன்றாமிடம் அதே நேர்கோட்டில், அதே வேகத்திற்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் அன்றோ? அக்கட்டத்தை மட்டும் நோக்கினால் 1,900 இணைகளுள் இரண்டு மூன்றே எஞ்சும். நான்காவது படத்தில் அவையும் ஒழியும். முன்கூட்டிச் சொல்லி அவ்விடத்திற் காண்பதற்கும், எங்கேனும் கண்டு பின்னர்ப் பொருத்துவதற்கும் உள்ள தூரம் இத்துணை.

உண்டென்று கண்டாலும், இன்னதென்று உணர்தல் வேறு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூரின் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியில் பட்டாசாரியாவும் குப்புசாமியும் அம்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே, மீனின் ஒளி சில வினாடி தாழ்ந்து மீண்டும் எழுந்தது. தாழ்வு ஐயத்திற்கிடமின்றித் தெளிவாக இருந்தது. புதிய துணைக்கோள் ஒன்று இடையிற் புகுந்தது என்று அவர்கள் கருதி எழுதினர். அதே நிகழ்ச்சியை விமானத்தில் அமைத்த தொலைநோக்கியால் நோக்கிய எலியட் முதலிய அமெரிக்க அறிஞர், கோளின் இரு மருங்கிலும் ஒத்த இடங்களில் ஒளி தாழ்ந்ததைக் கண்டு, அவை யுரேனஸைச் சூழ்ந்த வளையங்கள் என்று தெளிந்தனர். காவலூர்க் குறிப்பு பொய்யன்று. வளையத்தின் ஒரு பக்கத்தை அது மெய்யாகவே பிடித்திருந்தது.

நிற்க. ஓர் ஆய்வாளர், 'எம் முறையால் இப்படத்தில் 312 மீன்கள் கண்டோம்' என்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறவிட்டன எத்தனை என்பதை அறிவது எங்ஙனம்? காணாததை எண்ணுதல் கூடுமோ? கூடும். அதற்கு வானநூலார் செய்யும் தந்திரம் எமக்கு மிகவும் பிடித்தது. முத்திரையின் வடிவம் தெரிந்தமையால், தாமே சில பொய்மீன்களைச் செய்து, படத்தின் எண்களோடு ஆங்காங்கே கூட்டிவிடுவர். பின்னர் அதே முறையை, ஒன்றும் அறியாததுபோல், மீண்டும் ஓட்டிப் பார்ப்பர். இட்ட நூற்றில் தொண்ணூறு அகப்பட்டால், அத்துணை ஒளியுள்ள மெய்ம்மீன்களிலும் நூற்றுக்குப் பத்து அகப்படாது போயிருக்கும் என்று கொள்வர். இன்னும் மங்கலான பொய்மீன்களை இட்டு, எவ்வளவு மங்கலில் பாதி தவறுகின்றது என்றும் காண்பர். நல்ல மீன்பட்டியல் தன் எல்லை எத்தனை அலைவு என்பதையும், எத்தரத்து மீன்களில் எத்தனை விழுக்காடு தவறியிருக்கலாம் என்பதையும் முன்னுரையிலேயே கூறிவிடும். தன் கண்டுணராமையைத் தானே அளந்து எழுதிவைக்கும் வழக்கம் பிற துறை நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றது. இலக்கிய ஆராய்ச்சி செய்யும் எம்மவர்க்கும் இதில் பொறாமைகொள்ள இடமுண்டு.

எல்லைக்குக் கீழே நின்றவற்றையும், ஒவ்வாதவற்றையும் என் செய்வது? எறிந்துவிடலாகாது என்பதற்கு நெப்டியூன் வரலாற்றிலேயே மற்றொரு செய்தி உண்டு. 1795-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாளும் 10-ஆம் நாளும், பாரிஸ் நகரில் லலாந்து என்பாரின் ஆய்வகத்தில் மீன்பட்டியல் ஒன்றிற்காக ஒரு புள்ளியின் இடம் குறிக்கப்பெற்றது. இரண்டு நாட் குறிப்பும் ஒத்து வரவில்லை. முதற் குறிப்பு பிழையென்று அச்சிற் சேர்க்காமல் விடப்பட்டது. இரண்டாவது ஐயக்குறியோடு அச்சேறிற்று. 1847-இல் அமெரிக்க வானநூலார் வாக்கர், புதிதாகக் கண்ட நெப்டியூனின் பாதையைப் பின்னோக்கிக் கணித்து, லலாந்தின் பட்டியலில் ஐயக்குறியிட்டிருந்த அம்மீன் இப்பொழுது அவ்விடத்தில் இல்லை என்று கண்டார். பாரிஸில் உள்ள கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தபொழுது, விலக்கிய மே 8-ஆம் நாட் குறிப்பும் அதிலே அழியாமல் இருந்தது. இரண்டு குறிப்பிற்கும் இடையே இருந்த வேற்றுமை, அவ்விரண்டு நாளில் கோள் நடந்த தூரமே. ஐம்பத்திரண்டு ஆண்டு பழமையான அவ்விரு எண்களைக் கொண்டே நெப்டியூனின் பாதை செம்மையாக வரையறுக்கப்பெற்றது.